எந்தக் கையில் ரத்தம் எடுத்தார்?

மலை முகாம்
மார்ச் 3

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

நீங்கள் அனுப்பிய காய்ந்த கறிப் பொட்டலம் செவ்வாய்க்கிழமை லாரியில் பத்திரமாக வந்து சேர்ந்தது. அதை லாரி டிரைவருக்கே கொடுத்துவிட்டேன். இந்த வரியைப் படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுக் கடைக்குள் போய் எதையாவது வெட்டுவீர்கள் என்று தெரியும். வெட்டிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

போன மாதம் இரண்டு முறை உங்கள் கறியை மத்தியானம் சாப்பிட்டேன். இரண்டு முறையும் சாயங்காலம் அளவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது உள்ளங்கை அரிக்க ஆரம்பித்தது. அப்புறம் உடம்பெல்லாம் தடிப்பு. உதடு வீங்கிப் பேச்சு குழறியது. இரண்டாவது தடவை மூச்சும் இழுத்தது. முகாம் மருந்தகத்து டாக்டர் ஊசி போட்டுவிட்டு, "மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். "மத்தியானமா? இப்ப ஆறு மணி ஆகுதே டாக்டர்" என்றேன். "அதனாலதான் கேக்கறேன்" என்றார்.

விஷயம் இதுதான். எல்லைக்கோடு அளக்க நாங்கள் இடுப்பளவு புல்லில் நடக்கிறோம். புல்லில் உண்ணி இருக்கிறது. வேலை முடிந்ததும் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்து இடுக்கியால் உண்ணி பொறுக்கிய பிறகுதான் இங்கே தேநீர். அந்த உண்ணியின் எச்சிலில் ஏதோ ஒரு சர்க்கரை இருக்கிறதாம். அதே சர்க்கரை ஆடு, மாடு, பன்றி எல்லாவற்றின் கறியிலும் இருக்கிறதாம். உண்ணி கடித்த சிலருக்கு உடம்பு அந்தச் சர்க்கரையை எதிரியாக நினைத்துக்கொள்கிறது. அப்புறம் கறி தின்றால் உடனே ஒன்றும் ஆகாது. சில மணி நேரம் கழித்துத்தான் சண்டை தொடங்கும். கோழியும் மீனும் ஒன்றும் செய்யாது. உறுதிப்படுத்த ரத்தப் பரிசோதனை இருக்கிறது. புதன்கிழமை ரத்தம் எடுத்து நகரத்துக்கு அனுப்பப் போகிறார்கள்.

அதுவரை கறி அனுப்ப வேண்டாம். கோபப்பட வேண்டாம். இரண்டாவது முடியாது என்றால் முதலாவது மட்டும் போதும்.

உங்கள் மனைவி

*

கறிக்கடை
மார்ச் 9

அன்புள்ள மனைவிக்கு,

நீ சொன்னபடியே ஒரு தொடையை வெட்டிவிட்டு வந்துதான் மீதியைப் படித்தேன். மீதியைப் படித்த பிறகு இன்னொரு தொடையை வெட்ட வேண்டியதாயிற்று. இரண்டையும் வாங்க ஆளில்லை.

கல்யாணமான நாளிலிருந்து நான் வெட்டிய கறியைத் தின்ற உடம்பு உன்னுடையது. அதற்கு ஒரு நாள் ஏப்பம்கூடத் தப்பாக வந்ததில்லை. மலைக்குப் போய் ஆறு மாதம் ஆவதற்குள் என் கறி ஆகவில்லை, பழி உண்ணியின் மேல். நான் இருபது வருஷமாக ஆட்டின் காதிலும் வாலடியிலும் உண்ணியைப் பார்க்கிறேன். என்னையும் கடித்திருக்கிறது. நசுக்கிப் போட்டுவிட்டு அதே ஆட்டைச் சமைத்துத் தின்றிருக்கிறேன். ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்து மனுஷியைக் கடித்தது சரி. அந்த மனுஷிக்குப் புருஷன் கடைச் சரக்கு மட்டும் ஆகக்கூடாது என்று உண்ணிக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

டாக்டர் கறி தொடமாட்டார் என்று நீயே ஜனவரியில் எழுதியிருந்தாய். கறி தின்னாத டாக்டர், கறிக்கடைக்காரன் பெண்டாட்டிக்குக் கறி ஆகாது என்று கண்டுபிடிக்கிறார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை கேட்டிருக்கிறேன். தழை தின்னும் ஓநாயை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

கோழி சாப்பிடலாம் என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? எதிர்க் கடைக்காரன் கோழிக் கூண்டுக்குச் சீரியல் பல்பு போட்டிருக்கிறான். அவன் கடைக்கு என் மனைவியே வாடிக்கையா?

சில விஷயம் எனக்குத் தெரிந்தாக வேண்டும். மத்தியானம் என்ன சாப்பிட்டாய் என்று அவர் கேட்டபோது பக்கத்தில் யார் இருந்தார்கள்? நான் ஒரு நாளும் கேட்டதில்லை என்று நினைத்துக்கொண்டாயா? நான் ஏன் கேட்க வேண்டும், கொடுப்பவனே நான்தானே. உன் முதுகில் உண்ணி பார்ப்பது யார்? எந்தக் கையில் ரத்தம் எடுத்தார்? இடது கை என்றால் அதில் நான் வாங்கிக் கொடுத்த கடிகாரம் இருக்குமே, அதைக் கழற்றச் சொன்னாரா?

ஆபீஸ் போனில் கூப்பிடு என்று சொல்லாதே. அங்கே பத்துப் பேர் காது வைத்திருப்பார்கள். கடிதம் என்றால் கையெழுத்தையாவது பார்க்கலாம். போன கடிதத்தில் 'டாக்டர்' என்ற சொல்லை மற்றதைவிட அழகாக எழுதியிருக்கிறாய்.

வியாழன், வெள்ளி கடை மூடல். ஆடு பிடிக்கச் சந்தைக்குப் போகிறேன்.

உன் புருஷன்

*

மலை முகாம்
மார்ச் 17

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

இடது கையில். கடிகாரம் கழற்றப்படவில்லை. ஊசி குத்துவது முழங்கை மடிப்பில், கடிகாரம் கட்டுவது மணிக்கட்டில். நடுவில் நல்ல தூரம் இருக்கிறது. ரத்தம் எடுத்தது டாக்டர் இல்லை, நர்ஸம்மா. அவருக்கு மூன்று பேரப் பிள்ளைகள். உங்களுக்கு அது போதுமா, இன்னும் இரண்டு பேரன் வேண்டுமா தெரியவில்லை. கரண்டு இல்லாததால் டாக்டர் டார்ச் மட்டும் பிடித்தார். என் முதுகைப் பார்ப்பது சமையலக்கா. அவர் முதுகை நான் பார்க்கிறேன். அவர் புருஷன் இதுவரை கடிதம் எழுதவில்லை.

'டாக்டர்' என்ற சொல் அழகாக இருந்ததற்குக் காரணம், அந்த இடத்தில் பேனாவுக்கு மை போட்டேன். இந்தத் தடவை 'வீட்டுக்காரர்' என்று எழுதும் முன் மை போட்டேன். பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே வேறு செய்தி அதிகமில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மருந்தகத்துக்குப் பின்னால் புல்லில் ஏதோ பெரிதாக அசைந்தது. காட்டுப்பன்றி என்று சமையலக்கா கல்லெடுத்து எறிந்தார். நல்ல குறி. உறுமிக்கொண்டே சரிவில் உருண்டு போனது. அன்றிலிருந்து சமையலக்கா நடையே மாறிவிட்டது.

சந்தையில் நல்ல ஆடு கிடைத்ததா?

உங்கள் மனைவி

*

கறிக்கடை
மார்ச் 23

மதிப்புக்குரிய நில அளவையர் அவர்களுக்கு,

சந்தையில் ஆடு சரியில்லை. ஒன்று முட்டித் தோளில் வீக்கம். கத்தி ஓங்கினால் வலிக்கிறது. காலெல்லாம் பூச்சிக்கடி வேறு. சந்தை இப்போதெல்லாம் சுத்தமில்லை.

டார்ச் மட்டும் பிடித்தாராம். வெளிச்சம் கையில் விழுந்ததா, முகத்தில் விழுந்ததா என்று நீ எழுதவில்லை. நர்ஸம்மாவின் பேரப் பிள்ளைகளை எண்ணிச் சொல்கிறாய், டாக்டருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்பதற்கு மட்டும் மை தீர்ந்துபோகிறது.

காட்டுக்கு எல்லை போடத்தான் அரசாங்கம் உன்னை அனுப்பியது. அந்தப் பச்சை பெஞ்சில் சாயங்காலம் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதற்கும் படி உண்டா? மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்பார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கறிக்கடைக்காரனுக்குச் சொல்ல என்ன இருக்கிறது. அவன் கறியும் வேண்டாம், அவனும் வேண்டாம்.

என் தங்கை உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
கடைக்காரன்

*

மலை முகாம்
ஏப்ரல் 8

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

பரிசோதனை முடிவு வந்துவிட்டது. ஒன்றுக்கும் கீழே இருக்க வேண்டிய எண் எனக்குப் பதினான்கு. உண்ணிதான். டாக்டருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. இரண்டையும் ஒரே பத்தியில் எழுதிவிட்டேன், நீங்கள் தேடக்கூடாது என்று.

பச்சை பெஞ்சைப் பற்றி நான் எழுதியதாக நினைவில்லை. எழுதியிருப்பேன்போல.

இருபத்திரண்டாம் தேதி நாலு நாள் லீவில் வருகிறேன். தயவுசெய்து இதை நிதானமாகப் படியுங்கள். எனக்குக் கறி மட்டுமல்ல, கறியின் கொழுப்பும் ஆகாது. நம் வீட்டில் எதை வறுத்தாலும் அடுப்பு மேடை ஓரத்துக் கொழுப்புச் சட்டியிலிருந்து ஒரு கரண்டி போடுவது வழக்கம். அந்தச் சட்டியையும் அந்தக் கரண்டியையும் எனக்கான சமையலில் தொட வேண்டாம். தனியாக ஒரு வாணலி, ஒரு புட்டி எண்ணெய் போதும். இன்னும் உண்ணி கடிக்காமல் பார்த்துக்கொண்டால் சில வருஷத்தில் குறைந்தாலும் குறையலாம் என்கிறார்கள்.

கறியை விட்டது எனக்குச் சந்தோஷம் என்று நினைக்கிறீர்கள். கடை மூடி வரும்போது உங்கள் சட்டையில் இருக்கும் வாசனையில்தான் எனக்குத் தூக்கம் வரும். அது எந்தப் பரிசோதனையிலும் வராது. அதனால் சொல்லி வைக்கிறேன்.

உங்கள் மனைவி

*

கறிக்கடை
ஏப்ரல் 27

அன்புள்ள மனைவிக்கு,

உன்னைப் பஸ் ஏற்றிவிட்டு நேற்று வீட்டுக்கு நடந்து வரும்போது விசில் அடித்துக்கொண்டே வந்தேன். ஏன் என்று உனக்குத் தெரியாது. தெரிந்துகொள்.

நேற்று மத்தியானம் நான் என் கையால் உனக்கு உருளைக்கிழங்கு வறுத்துப் போட்டேன். நீ புது எண்ணெய்ப் புட்டியைப் பார்த்தாய், திருப்தியாகத் தலையாட்டினாய், துணி மடிக்க உள்ளே போனாய். அந்த நேரத்தில் பழைய சட்டியிலிருந்து ஒரு கரண்டி, வேண்டாம், உண்மையைச் சொல்கிறேன், இரண்டு கரண்டி. நீ இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். விரலைக்கூட நக்கினாய். எதிரே உட்கார்ந்து உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்ன, புதுசாப் பாக்கறீங்க?" என்று கேட்டாயே, அதற்குத்தான் பார்த்தேன். மூன்று மணிக்குப் பஸ் கிளம்பும்வரை பார்த்தேன். ஒரு பரு இல்லை, ஒரு சொறி இல்லை. உதடு கல்யாணத்தன்று இருந்தபடியே இருந்தது.

ஆக, நோய் ரத்தத்தில் இல்லை. நோய் மலையில் இருக்கிறது, வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு. உன் உடம்பு என் கறியை மறக்கவில்லை. உன் வாய்தான் மறந்ததாகச் சொல்லச் சொல்லிக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

நான் கோபப்படப் போவதில்லை. வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வா. வந்ததும் ஈரல் வறுத்துத் தருகிறேன்.

உன் புருஷன்

*

வழியில் ஒரு ஊர் ஆஸ்பத்திரி
ஏப்ரல் 27

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

கையெழுத்து கோணலாக இருந்தால் சந்தேகப்பட வேண்டாம். இடது கையில் டிரிப் ஏறுகிறது, வலது கை நடுங்குகிறது. நான் நன்றாக இருக்கிறேன்.

நேற்று பஸ் மலையேறத் தொடங்கும்போது, இருட்டும் நேரம், உள்ளங்கை அரித்தது. பிறகு எல்லாம் வேகமாக வந்தது. கண் மூடிக்கொண்டது, தொண்டை அடைத்தது. பக்கத்து சீட்டுப் பெண், "அண்ணே, வண்டிய நிறுத்துங்க, இந்தம்மா மூஞ்சியே மாறிப்போச்சு" என்று கத்தியது மட்டும் நினைவிருக்கிறது. பஸ்ஸை நேராக ஆஸ்பத்திரி வாசலுக்கே கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால், என்று நர்ஸ் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

தகவல் கேட்டு எங்கள் டாக்டர் ஜீப்பில் வந்தார், நர்ஸம்மாவோடு. வீட்டில் ஏதாவது கலந்திருக்குமோ என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். "எங்க வீட்டுக்காரருக்கு வாய் கொஞ்சம் நீளம், சந்தேகம் அதவிட நீளம். ஆனா என் சாப்பாட்டுல கை வைக்கிற ஆள் இல்ல அவர். கல்யாணமானதுலருந்து முதல் தடவையா எனக்காக அடுப்படில நின்னாரு, அத வேற மாதிரி பேசாதீங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

எந்தக் கரண்டியில் தப்பு நடந்தது என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். உங்கள் தங்கை தெரியாமல் ஏதாவது செய்திருப்பாளோ? அவளைத் திட்ட வேண்டாம். கேட்டுப் பாருங்கள், அவ்வளவுதான்.

உருளைக்கிழங்கு நன்றாக இருந்தது. நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தது.

உங்கள் மனைவி

*

மலை முகாம்
மே 3

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் அதை எழுதிய அன்று நான் எழுதியது உங்களுக்கும் கிடைத்திருக்கும்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அது பேச்சுக்குச் சொல்வது, யாரும் செத்ததில்லை.

டாக்டரிடம் போய் நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் எழுந்து எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

வேலையை இன்னும் ஒரு வருஷம் நீட்டித்துத் தாள் வந்திருக்கிறது. கையெழுத்துப் போடவில்லை. சாப்பிட முடியாத வீட்டுக்குத் திரும்பி வருவது எப்படி என்று தெரியவில்லை. தெரிந்தால் எழுதுங்கள். தெரியாவிட்டால் எழுத வேண்டாம்.

*

கறிக்கடை
மே 29

அன்புள்ள மனைவிக்கு,

எழுதிக் கிழித்ததை எல்லாம் சேர்த்தால் கறி மடிக்க ஒரு வாரத்துக்குப் போதும். என்னை மன்னித்துவிடு என்று எழுதினால் கறி பாக்கி கேட்பது போல இருக்கிறது. அது தவிர வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. ஆகையால் எழுதிவிட்டேன். என்னை மன்னித்துவிடு. நீ அரிக்கும் கையோடு பஸ்ஸில் உட்கார்ந்திருந்த நேரத்தில் நான் விசில் அடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கொழுப்புச் சட்டியைக் குப்பையில் போட்டுவிட்டேன்.

அதற்கெல்லாம் எனக்குத் தண்டனை கிடைத்துவிட்டது. கடவுள் என் உடம்பிலேயே எழுதிவிட்டார். மூன்று வாரமாக, சாயங்காலம் கடையில் நிற்கும்போது, உள்ளங்கை அரிக்கிறது. உடம்பெல்லாம் தடிப்பு. கண் இமை பணியாரம் மாதிரி வீங்குகிறது. கறி வாங்க வந்த ஒரு அம்மா என் முகத்தைப் பார்த்தார், கறியைப் பார்த்தார், நேராக எதிர்க் கடைக்குப் போய்விட்டார். "பொறாமைதாண்ணா தோல் வழியா வெளிய வருது" என்கிறாள் தங்கை. நீ தள்ளிப் போனதிலிருந்து அவளுக்கு நாக்கு நீண்டுவிட்டது.

பிராயச்சித்தம் என்று ஒரு வாரம் கறி தொடாமல் இருந்தேன். எல்லாம் மறைந்துவிட்டது. மன்னிப்பு கிடைத்துவிட்டது என்று நினைத்து, அந்தச் சந்தோஷத்தில் மத்தியானம் அரைக் கிலோ வறுத்துத் தின்றேன். ஐந்து மணிக்குக் கீழே விழுந்துவிட்டேன். தண்ணீர் கொண்டு வந்து தூக்கி உட்கார வைத்தவன் எதிர்க் கடைக்காரன். தடிப்பு ஒரு நாளில் போய்விட்டது. அவன் கையால் குடித்த தண்ணீர்தான் இன்னும் இறங்கவில்லை.

என் மனசாட்சி இவ்வளவு பலமானது என்று எனக்கே தெரியாது.

உன் புருஷன்

*

மலை முகாம்
ஜூன் 6

வீட்டுக்காரருக்கு,

உங்கள் மனசாட்சியை எனக்குப் பல வருஷமாகத் தெரியும். மத்தியானம் கறி தின்றால் ஐந்து மணிக்கு வேலைக்கு வரும் ஒழுக்கம் அதற்குக் கிடையாது. மனசாட்சி என்றால் கறி தின்னாத நாளிலும் அரிக்க வேண்டும்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் கறியை நிறுத்துங்கள். ஈரலும் கறிதான். சூப்பும் கறிதான். ருசி பார்ப்பதும் தின்பதுதான். என் ரத்தத்தைப் பரிசோதித்த இடம் நம் நகரத்திலேயே இருக்கிறது. சீட்டு உள்ளே வைத்திருக்கிறேன். டாக்டர் எழுதிக் கொடுத்தது. எப்படிப்பட்ட கையெழுத்து என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு எழுத்தும் புரியாது. மூச்சு இழுத்தால் காத்திருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். எதிர்க் கடைக்காரரிடம் சொல்லி வையுங்கள். நல்ல மனுஷராகத் தெரிகிறார்.

டாக்டர் ஒன்று கேட்கச் சொன்னார். ஆட்டு உண்ணி இருபது வருஷமாகக் கடித்து உங்களை ஒன்றும் செய்யவில்லை. இந்த வேலையைச் செய்யும் உண்ணி வேறு. அது இந்த மலைச் சரிவின் புல்லில் இருக்கிறது, உங்கள் பக்கத்துச் சந்தையில் இல்லை. அப்படியானால் உங்களை எங்கே கடித்தது என்கிறார்.

நானும் அதைத்தான் கேட்கிறேன்.

*

கறிக்கடை
ஜூன் 19

அன்புள்ள மனைவிக்கு,

முப்பத்தொன்று. உனக்குப் பதினான்கு. எதிலாவது உன்னை ஜெயிக்க வேண்டும் என்று நினைத்ததுண்டு, இதில் இல்லை.

வலது கையில் எடுத்தார்கள். எடுத்த பெண் என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. "காட்டுப் பக்கம் எங்கியாவது போனீங்களாண்ணா?" என்று மட்டும் கேட்டாள். பக்கத்தில் நின்ற என் தங்கை, "இவரா? கடையத் தாண்டுனா வழி தெரியாதும்மா இவருக்கு" என்று சிரித்தாள். நான் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாயை மூடி வைத்திருந்தேன். ரத்தத்தை மூட முடியவில்லை.

மார்ச் மாதம் நான் சந்தைக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமை லாரியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து மலைக்கு வந்தேன். வழியில் அவர் ஒரு பொட்டலத்தைப் பிரித்து, "சாப்பிடுங்க சார், நல்ல கறி. முகாம்ல ஒரு அம்மா குடுத்தாங்க. அவங்க வீட்டுக்காரரு ஆசையா அனுப்புனதாம், பாவம் அந்த மனுஷன்" என்றார். என் கறியை எனக்கே கொடுத்தார். தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

மருந்தகத்துக்குப் பின்னால் புல்லில் படுத்தேன். நல்ல நேரம் படுத்திருந்தேன். பச்சை பெஞ்சில் நீயும் அந்த டாக்டரும் உட்கார்ந்திருந்தீர்கள். வேறு யாரையும் நான் பார்க்கவில்லை, பார்க்கவும் விரும்பவில்லை. நீ எதையோ சொன்னாய். அவர் எதையோ கேட்டார். நீ சிரித்தாய். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். என்னோடு இருந்தபோது நீ அப்படிச் சிரித்து எத்தனை வருஷம் ஆகிறது என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கல் வந்தது. பன்றி நான்தான். சமையலக்காவிடம் சொல்லு, குறி உண்மையிலேயே நல்ல குறி.

அந்தச் சிரிப்புத்தான் என் கையில் அந்தக் கரண்டியைக் கொடுத்தது. இது சாக்கு இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

இப்போது நான் ருசி பார்க்காமல் கறி விற்கிறேன். வாங்குகிறவர்கள் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். நம்ப வேண்டியிருக்கிறது.

உன் புருஷன்

*

மலை முகாம்
ஜூன் 27

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதத்தைச் சமையலக்காவுக்குப் படித்துக் காட்டினேன். வருத்தப்படுவார் என்று நினைத்தேன். "அப்பவே நெனச்சேன், பன்னிக்கு ஏது வேட்டி?" என்கிறார். இத்தனை நாள் அதைச் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார், வீரக்கதை கெட்டுவிடும் என்று.

அந்த வெள்ளிக்கிழமை லாரியில்தான் உங்கள் மார்ச் ஒன்பதாம் தேதிக் கடிதமும் வந்தது. நீங்களும் கடிதமும் ஒரே வண்டியில் வந்திருக்கிறீர்கள். கடிதம் மட்டும் வாசல் வழியாக வந்தது. அதைத்தான் பெஞ்சில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். பெஞ்சின் மறு கோடியில் நர்ஸம்மாவும் இருந்தார், உங்களுக்குத்தான் தெரியவில்லை. தழை தின்னும் ஓநாயைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னவென்று டாக்டர் கேட்டார். அதை எப்படி அவரிடம் சொல்வது? அதனால் அடுத்ததைப் படித்துக் காட்டினேன். 'எந்தக் கையில் ரத்தம் எடுத்தார்? கடிகாரத்தைக் கழற்றச் சொன்னாரா?' அவர் தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, "நான் டார்ச்சுதானே புடிச்சேன்?" என்று பயந்துபோய்க் கேட்டார். அதற்குத்தான் அப்படிச் சிரித்தேன். இவ்வளவு தூரத்திலிருந்தும் என்னைச் சிரிக்க வைக்க உங்களால்தான் முடிகிறது என்று அன்றைக்கு நினைத்தேன்.

நீங்கள் புல்லில் படுத்து யார்மேல் பொறாமைப்பட்டீர்கள் என்று இப்போது தெரிகிறதா? அந்தக் கடிதத்தை எழுதிய ஆளை எனக்கும் பிடித்திருந்தது. அவரைத்தான் உருளைக்கிழங்கோடு சேர்த்து வறுத்துவிட்டீர்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மன்னிப்பு என்ற சொல்லை நான் இன்னும் எழுதவில்லை, கவனித்திருப்பீர்கள். வேலைத் தாளிலும் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

நீங்கள் இங்கே வர வேண்டும். நான் சமைத்துப் போடுவேன். என்ன போட்டேன், எந்தச் சட்டி, எந்தக் கரண்டி, எந்த எண்ணெய் என்று ஒரு வார்த்தை கேட்கக்கூடாது. அடுப்படிக்குள் வரக்கூடாது. நான் இரண்டாம் தடவை போட்டாலும் சாப்பிட வேண்டும். எதிரே உட்கார்ந்து உங்கள் முகத்தையே நான் பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு இருவரும் பச்சை பெஞ்சில் உட்கார்ந்து காத்திருக்கலாம். எவ்வளவு நேரம் என்று உங்களுக்கே தெரியும்.

இங்கே ஒரு பழைய கொழுப்புச் சட்டி இருக்கிறது. சமையலக்காவுடையது. தெரிந்துகொண்டே வாருங்கள்.

உங்கள் மனைவி

*

கறிக்கடை
ஜூலை 2

அன்புள்ள மனைவிக்கு,

செவ்வாய்க்கிழமை லாரியில் வருகிறேன். வாசல் வழியாக. கதவைத் தட்டுவேன்.

கடிதத்தைப் படித்த அன்று சோற்றைப் பிசைந்துவிட்டு வாயருகே கொண்டுபோக முடியாமல் உட்கார்ந்திருந்தேன். தங்கை போட்டதுதான், எதிலும் ஒன்றுமில்லை. இருந்தாலும் ஒவ்வொரு கவளமும் கேள்வி கேட்டது. சொந்த வீட்டில் சாப்பிடப் பயப்படுவது என்றால் என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. நீ இரண்டு மாதமாக அதை வைத்துக்கொண்டு வேலைக்கும் போயிருக்கிறாய்.

ஒன்றும் கேட்கமாட்டேன். போட்டதைச் சாப்பிடுவேன். இரண்டாம் தடவை நானே கேட்டு வாங்குவேன்.

உன் புருஷன்

பின்குறிப்பு: செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அந்த டாக்டர் முகாமில்தான் இருப்பாரா? ஊசி போட ஆள் வேண்டுமே என்றுதான் கேட்கிறேன். நல்லவர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பெஞ்சில் அவர் எந்தப் பக்கம் உட்காருவார் என்று முன்கூட்டியே எழுதினால் நன்றாயிருக்கும்.